எஞ்சினுக்கும் ஓர் ஊதுகுழல்

மழைக்காலத்திலே ஈர விறகை அடுப்பிலிட்டு, கண்ணிலே நீர் வழிய ஊதுகுழலை வாயில் வைத்து ஊதும் தாய்மாரை மலைநாட்டு லயங்களிற் காணாதார் இல்லை. விறகு அதே விறகு. அடுப்பும் அதே அடுப்பு. ஆயினும் குழலின் வழியாகக் காற்றுச் சென்றதும் புகைந்துகொண்டிருந்த கொள்ளி சுடர்விட்டு எரிகின்றது. நெருப்புக்கு வேண்டியது விறகு மட்டுமன்று, காற்றுமாகும் என்ற உண்மையை அவர்கள் எந்தப் பௌதிகவியல் ஆசிரியரிடமும் கற்றவர்கள் அல்லர். மோட்டார் எஞ்சினுக்கும் இத்தகைய ஊதுகுழல் ஒன்றுண்டு. சுப்பர்சார்ஜர் என்பது அதன் பெயர். அதனைப் பற்றியும், அதனால் நாமும் எமது மாணவன் ஒருவனும் பட்ட பாட்டைப் பற்றியும் இங்கே சிறிது கூற எண்ணுகிறோம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,128 அடி உயரத்தில் உள்ளது. கொழும்பிலே ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் காற்று 14.7 இறாத்தல் அமுக்கத்தைச் செலுத்த, நுவரெலியாவிலோ அது ஏறக்குறைய 11¾ இறாத்தலாகக் குறைந்துவிடுகின்றது. கொழும்பிலிருந்து வந்த மருமகள், 'இங்கே பருப்பு வேகமாட்டேன் என்கிறதே' என்று மாமியாரிடம் குறைகூறுவது இதனாலேதான். அமுக்கம் குறைந்தமையால் நீர் 100 பாகைக்குப் பதிலாக 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகின்றது. மருமகளின் சமையலிற் பிழையில்லை.

பருப்புக்கு நேர்வதே எஞ்சினுக்கும் நேர்கின்றது. ஓர் இறாத்தல் பெற்றோல் முற்றாக எரிய ஏறக்குறைய 15 இறாத்தல் காற்று வேண்டும். உருளைக்குள் பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உள்ளே வரும் காற்றின் கனவளவு மலையிலும் சமவெளியிலும் ஒன்றே. ஆனால் மலையிலே அந்தக் கனவளவினுள் உள்ள காற்றின் நிறை குறைவு. காற்றுக் குறைந்தபின் பெற்றோலை எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை, கரும்புகையே மிஞ்சும். ஆயிரம் அடி ஏற நூற்றுக்கு மூன்று பங்கு வலு குறையும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. அதன்படி நுவரெலியாவை அடையும்போது நூறு பரிவலுக் கார் ஏறக்குறைய எண்பத்திரண்டு பரிவலுக் காராகிவிடுகின்றது. இறம்பொடை வளைவுகளிலே சிறு கார்கள் இளைப்பதற்குச் சரிவு மட்டும் காரணமன்று. இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். எமது ஊரின் குளிர் இந்த நட்டத்திற் சிறிது பங்கை ஈடுசெய்கின்றது. குளிர்ந்த காற்று செறிவானதாகையால், கொழும்பின் வெக்கையிலும் நுவரெலியாவின் 16 பாகைக் குளிர் எஞ்சினுக்கு உகந்தது. குளிரைத் திட்டுவோர் இதனையும் நினைவிற்கொள்வது நன்று.

இனி, ஊதுகுழலின் வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்திலே கொன்னர்ஸ்வில் என்னும் சிற்றூரில், கம்பளி ஆலை நடத்திவந்த ரூட்ஸ் சகோதரர் இருவர் இருந்தனர். தங்கள் ஆலையின் நீர்ச்சக்கரத்துக்கு மாற்றாகப் புதியதொரு நீர்ப்பொறியை அமைக்க முயன்றபோது, அது நீரினால் ஓடுவதைக் காட்டிலும் காற்றை ஊதுவதிற் சிறந்தது எனக் கண்டனர். பரீட்சையின்போது அதிலிருந்து கிளம்பிய காற்று அருகே நின்ற மேற்பார்வையாளரின் தொப்பியைப் பறக்கச் செய்தது என்றொரு கதையும் வழங்குகின்றது. 1860இல் அவர்கள் உரிமைப் பத்திரம் பெற்ற அப்பொறி, முதலில் இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்றூதவே பயன்பட்டது. உள்ளே எட்டு என்னும் எண்ணின் வடிவங்கொண்ட இரு சுழலிகள், ஒன்றையொன்று தொடாமல், எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒரு பக்கத்திலிருந்து காற்றைப் பொட்டலம் பொட்டலமாக அள்ளி மறுபக்கத்திலே தள்ளுவதே அவற்றின் வேலை. உலைக்கு ஊதிய அதே பொறி, பின்னர் மோட்டார் எஞ்சினின் தலைமாட்டில் ஏறி அமர்ந்தது. எஞ்சினின் தண்டிலிருந்து ஒரு பெல்ட் அதனைச் சுழற்றும். தன் உழைப்பில் ஒரு பங்கைக் கொடுத்து, அதனினும் பெரியதொரு பங்கை எஞ்சின் திரும்பப் பெறுகின்றது.

ஜேர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனத்தார் 1921இல் இத்தகைய ஊதி பொருத்திய கார்களைப் பேர்லின் கண்காட்சியில் வைத்தனர். இங்கிலாந்திலே பென்ட்லியின் நாலரை லீற்றர்க் கார் சாதாரணமாக 110 பரிவலுத் தந்தது. ஊதி பொருத்தியதும் 175 ஆயிற்று. ஆயினும் அக்காரைப் படைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இந்த ஏற்பாட்டில் விருப்பமில்லை. வலு வேண்டுமாயின் பெரிய எஞ்சினைச் செய்யவேண்டுமேயன்றிச் சிறியதை ஊதி வீங்கச் செய்யலாகாது என்பது அவர் கொள்கை. 1930இல் பிரான்சின் லே மான்ஸ் நகரில் நடைபெற்ற இருபத்துநான்கு மணி நேரப் போட்டியில் ஊதி பொருத்திய பென்ட்லியும் ஊதி பொருத்திய மெர்சிடிசும் போட்டியிட்டு ஓடி, இரண்டுமே முடிவை எட்டாமல் நின்றுவிட, ஊதி இல்லாத பெரிய பென்ட்லியே முதலில் வந்தது. வேகத்தை விரும்பும் இளைஞர் இந்தப் பகுதியைப் படிக்காமலே தாண்டிவிடுவர் என்பதை நாம் அறிவோம்.

ரூட்ஸ் சகோதரரின் பொறி மலைநாட்டுக்குப் புதியதன்று. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டினர் 1954 முதல் எமக்கு அளித்த டீசல் இரயில் எஞ்சின்களை முதியோர் அறிவர். ஆல்பேட்டா, ஒன்றாரியோ, சஸ்கச்சுவான் எனக் கனடிய மாகாணங்களின் பெயர் தாங்கி, பல பதிற்றாண்டுகள் அவை பதுளை வரை மலையேறின. பன்னிரண்டு உருளைகளும் சுமார் 1,400 பரிவலுவும் உடைய அவற்றின் வயிற்றினுள் காற்றூதியது ரூட்ஸ் ஊதியே. ஈரடிப்பு எஞ்சினாகையால், பழைய புகையை வெளியேற்றிப் புதுக் காற்றை நிரப்ப ஊதியின்றி அது ஓடவே மாட்டாது. அட்டன் நிலையத்தை விட்டுப் புறப்பட்டுச் சிங்கமலைச் சுரங்கத்தினுள் நுழையும்போது, எஞ்சினின் முழக்கத்துக்கு மேலாகச் சங்கு ஊதுவது போன்ற ஓர் ஓசை எழும். சிறு வயதில் அவ்வோசையைக் கேட்பதற்காகவே நாம் யன்னலோரம் இடம் பிடித்ததுண்டு. 6,226 அடி உயரத்திலுள்ள பட்டிப்பொல உச்சி வரை அந்த ஓசை எம்மோடு கூடவே வரும்.

இனி எமது மாணவன் கதை. அவன் பெயர் வேண்டியதில்லை. அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். கல்லூரியிலே எம்மிடம் பௌதிகவியல் கற்றவன். பின்னர் கொழும்பிலே மோட்டார்த் தொழில் பழகி, ஊருக்கு மீண்டு சிறு கராஜ் ஒன்றை ஆரம்பித்தவன். நுவரெலியாவின் மகாகஸ்தொட்டைத் தேயிலைத் தோட்டத்திலே 1934ஆம் ஆண்டிற் தொடங்கிய மலையேற்றப் போட்டி, இந்நாட்டு மோட்டார்ப் போட்டிகளில் மிகப் பழையது. ஏப்ரல் மாதத்து வசந்த காலக் கொண்டாட்டங்களோடு அதனையும் காணச் செல்லும் சிறுவரில் அவனும் ஒருவனாயிருந்தான். வேலிக்கு இப்பால் நின்று பார்த்தவனுக்கு அப்பாலும் ஒருநாள் செல்லவேண்டுமென்ற ஆசை இருந்ததில் வியப்பில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், 1980களிலே ஜப்பானிற் செய்த, சுப்பர்சார்ஜர் பொருத்திய ஒரு பழைய காரை அவன் வாங்கினான். தந்தையின் சேமலாப நிதியில் ஒரு பங்கும் அதிற் சேர்ந்திருந்ததைப் பிறகுதான் அறிந்தோம். ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தான்.

"சேர், கொழும்பில் ஊதியின் மானி ஏழு இறாத்தல் காட்டுகிறது. நுவரெலியாவில் ஐந்தரைதான் காட்டுகிறது. கப்பியைச் சிறிதாக்கினால் ஏழு வருமா?"

நாம் கடதாசியை எடுத்தோம். பழைய மாணவன் கணக்குக் கேட்டு வருவது ஆசிரியனுக்கு எத்துணை மகிழ்ச்சி என்பதை ஆசிரியரே அறிவர். அந்த மகிழ்ச்சியிலேதான் பிழையும் பிறந்தது.

மாணவ வாசகர்கள் இக்கணக்கைத் தாமும் செய்து பார்க்கலாம். மானி காட்டும் ஏழு இறாத்தல், வெளிக் காற்றின் அமுக்கத்துக்கு மேற்பட்ட அளவாகும். கொழும்பிலே 14.7உடன் ஏழைச் சேர்த்தால் எஞ்சின் உண்மையில் உண்பது 21.7 இறாத்தல். ஆகவே ஊதி வெளிக் காற்றை ஏறக்குறைய 1.48 மடங்காக்குகின்றது. ஊதி அறிவது இந்த மடங்கை மாத்திரமே. கொழும்பா நுவரெலியாவா என்பது அதற்குத் தெரியாது. நுவரெலியாவின் 11¾ஐ 1.48 ஆற் பெருக்கினால் கிடைப்பது 17.3. அதிலிருந்து வெளிக் காற்றைக் கழித்தால், அவன் மானியிற் கண்ட ஐந்தரையே வருகின்றது.

"தம்பி, மானியில் ஏழு வருவதாற் பயனில்லை. மானி ஏழு காட்டினாலும் இங்கே எஞ்சினுக்குக் கிடைப்பது 18¾ தான். கொழும்பில் உண்ட 21.7ஐ இங்கும் உண்ணவேண்டுமாயின், மடங்கு 1.85 ஆகவேண்டும், மானி பத்துக் காட்டவேண்டும்" என்றோம். 1.48இலிருந்து 1.85 என்பது நான்கிலொரு பங்கு உயர்வு. ஊதி நான்கிலொரு பங்கு விரைவாகச் சுழல வேண்டும். அதாவது, ஐந்தங்குலக் கப்பி இருந்த இடத்தில் நான்கங்குலக் கப்பி. கணக்கு அழகாக முடிந்தது. அவன் அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

கப்பி கடையப்பட்டது. பெல்ட் வழுக்காதிருக்க ஓர் இறுக்கியும் வைத்தான். கார் மலையிலே பறந்தது என்றே கூறவேண்டும். ஒருநாள் எம்மையும் ஏற்றிக்கொண்டு நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குச் சென்றான். வளைவுகளிலே நாம் கதவைப் பற்றிக்கொண்டிருந்தோமெனினும், அந்தச் சங்கோசையைக் கேட்டபோது சிங்கமலைச் சுரங்கத்துச் சிறுவனாகவே ஆனோம். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

அதன் பின், ஓர் உறவினரின் திருமணத்துக்காகக் கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்குப் புறப்பட்டான். இறக்கத்திலே எஞ்சினுக்கு வேலையில்லையாதலால் ஒன்றும் தோன்றவில்லை. அவிசாவளையைக் கடந்து, நண்பகல் வெயிலில், முன்னே சென்ற ஒரு பஸ்வண்டியை முந்துவதற்காக மிதியை அழுத்தினான். தகர டப்பாவிற் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போன்ற ஒலி சில வினாடி கேட்டதாம். பின் நீலப் புகை. கழற்றிப் பார்த்தபோது மூன்றாம் பிஸ்டனின் தலையிலே பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

நேர்ந்தது என்ன? நாம் மலைக்காகச் செய்த 1.85 மடங்கு, சமவெளிக்கும் 1.85 மடங்கே. 14.7ஐ அதனாற் பெருக்கினால் 27.2 வருகின்றது, மானியிலோ 12½. உற்பத்தியாளர் ஏழுக்கென்று செய்த எஞ்சினுக்கு நாம் பன்னிரண்டரை ஊட்டியிருக்கிறோம்.

அமுக்கத்தோடு வெப்பமும் ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சிறுவன் பம்பின் அடி சுடுவதைக் கண்டிருப்பான். ரூட்ஸ் ஊதி இவ்விடயத்தில் மிகவும் பொல்லாதது. கொடுத்த உழைப்பிற் பாதியளவே காற்றை அமுக்கப் பயன்படும், மீதி வெப்பமாகின்றது. கொழும்பு வெக்கையிலே 28 பாகையில் உட்சென்ற காற்று, 1.48 மடங்கு அமுக்கத்தில் ஏறக்குறைய 90 பாகையிலும், 1.85 மடங்கில் 130 பாகைக்கு மேலும் வெளிவரும். வெப்பமேறிய காற்று விரிவதால் ஊதியின் பயனிலும் ஒரு பங்கு போய்விடுகின்றது. 1.48 மடங்கு அமுக்கினாலும் உண்மையிற் கூடும் காற்று நூற்றுக்கு இருபது அளவே. அந்தக் காற்றைக் குளிர்ப்பான் ஒன்றினூடாகச் செலுத்தி 50 பாகைக்கு இறக்கினால், அதே ஊதியிலிருந்து நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல் பெறலாம். சுப்பர்சார்ஜரிலிருந்து மேலும் வலு வேண்டுவோர் கப்பியைத் தொடுமுன் குளிர்ப்பானை நாடவேண்டும் என்பது இதனால் விளங்கும். எமது மாணவனின் காரிலும் ஒரு குளிர்ப்பான் இருந்தது. தோட்டத்துப் பாதையின் சேறு அதன் இடுக்குகளை அடைத்திருந்ததைப் பின்னர் கண்டான்.

மிகைவெப்பமடைந்த கலவை, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்னரே தானாக வெடிக்கின்றது. டப்பாவிற் கூழாங்கல் குலுங்கிய ஒலி அதுவே. கராஜ்களில் நொக்கிங் என்பர். இதனைத் தாங்கும் ஆற்றலையே பெற்றோலின் ஒக்டேன் எண் குறிக்கின்றது. எமது நிரப்பு நிலையங்களில் 92, 95 என்று எழுதியிருப்பது விலை வேறுபாட்டுக்காக மட்டுமன்று. அவன் அன்று நிரப்பியிருந்தது 92. இன்னுமொன்று: மலையிலே எஞ்சின் உண்ட காற்று பழைய அளவினதே யாதலால், பெற்றோலைப் பீச்சும் குழாய்கள் அதற்குப் போதுமாயிருந்தன. சமவெளியிற் காற்று மிகுந்தது; குழாய்களோ தம் எல்லைக்கு மேற் பீச்ச இயலவில்லை. பெற்றோல் குறைந்த கலவை மேலும் சூடாக எரியும். வெப்பமும் வெடிப்பும் ஒன்றுகூடி அலுமினிய பிஸ்டனை உருக்கிவிட்டன.

எம்மை உறுத்தியது வேறொன்று. அவன் கேட்டது, நுவரெலியாவில் மானி ஏழு காட்டவேண்டும் என்பது மட்டுமே. அவ்வாறே விட்டிருந்தால் மடங்கு 1.6 அளவில் நின்றிருக்கும். கொழும்பில் மானி 8¾க்கு மேற் போயிராது. எஞ்சின் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அது போதாதென்று கணக்கைத் திருத்தியவர் நாம். எமது பெருக்கலிற் பிழையில்லை. ஆனால் அவனுடைய கார் எப்போதாவது மலையிறங்குமா என்று கேட்க மறந்தோம்.

இந்தச் சிக்கலை ஆகாயவிமானம் செய்தோர் எமக்கு வெகு முன்னரே கண்டிருந்தனர். உயரத்துக்கென்று அமைத்த ஊதி நிலத்தருகே மிகையாக ஊதும். அதனாற்றான் இரண்டாம் உலகப் போரிற் புகழ்பெற்ற ரோல்ஸ்-ரோய்ஸ் மேர்லின் எஞ்சினிலே, விமானி மறந்தாலும் தான் மறவாது காற்றைக் கட்டுப்படுத்தும் தன்னியக்கக் கருவி ஒன்றிருந்தது. பின்வந்த மேர்லின்களில், தாழ்விற்கு ஒரு பல்லிணைப்பும் உயரத்துக்கு வேறொன்றும் அமைத்தனர். இன்னும் முன்னதாக, 1918இல் சான்போர்ட் மொஸ் என்னும் அமெரிக்க எஞ்சினியர், லிபேட்டி என்ற விமான எஞ்சினை லொறியிலேற்றிக் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்துக்கு, 14,000 அடி உயரத்துக்குக் கொண்டுசென்றார். கீழே 350 பரிவலுத் தந்த எஞ்சின் அங்கே 230 மட்டுமே தந்தது. புகைபோக்கியிலிருந்து வெளியேறும் புகையின் விசையாற் சுழலும் ஊதியைப் பூட்டியதும் 356 ஆயிற்று. அதுவே டர்போ. பெல்ட்டும் கப்பியும் அதற்கில்லை. உயரம் கூடி வெளிக் காற்று மெலிந்தால் அது தானே மேலும் விரைந்து சுழல இடமுண்டு. மிஞ்சினால் ஒரு வாயில் திறந்து புகையை வெளியே விட்டுவிடும். இன்று கொழுந்து லொறிகள் முன்போல் மலையில் இளைக்காமைக்கு இதுவே பெருங் காரணம்.

ஆயினும் மிதித்தவுடன் வலு தருவதிற் பெல்ட் ஊதிக்கு நிகர் இல்லை என்று எமது மாணவன் சாதிக்கிறான். பிஸ்டன் நான்கையும் மாற்றி, உருளைகளைக் கடைந்து, எஞ்சினை மீண்டும் ஓடச் செய்ய அவனுக்கு ஏழு மாதம் பிடித்தது. தந்தையார் எம்மிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அது கேட்டதிலும் கடினமாயிருந்தது. செலவிற் சிறு பங்கை ஏற்கிறோம் என்றபோது அவன் மறுத்துவிட்டு, பழைய பிஸ்டனை மட்டும் எம்மிடம் தந்தான். வகுப்பறை மேசையில் அது இருக்கின்றது. ஆண்டுதோறும் போயிலின் விதியைக் கற்பிக்கும் நாளில் மாணவர் கையிற் கொடுக்கிறோம். ஓட்டையினுள் விரலை விட்டுப் பார்க்காதவன் எவனுமில்லை.

இப்போது அவனிடம் இரண்டு கப்பிகள் உண்டு. ஐந்தங்குலத்தது காரிலேயே இருக்கும். ஏப்ரலில் மகாகஸ்தொட்டைக்குப் போகும்போது மட்டும் சிறியதைப் பூட்டுகிறான். நான்கு ஆணிகள், ஒரு பெல்ட், அரை மணி நேர வேலை. சிறிய கப்பியிலே சிவப்பு மையினால் 'கினிகத்தேனைக்குக் கீழே கூடாது' என்று எழுதி வைத்திருக்கிறான். அது எமது கையெழுத்து.